பிளக்கைப் பிடுங்கிய கை

எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். வெங்காய மண்டி முதலாளி ஆண்டிச்சாமி எனக்குத் தர வேண்டிய கூலி அது. மூட்டையை இறக்கி, அடுக்கி, மறுபடி லாரியில் ஏற்றி, தோள்பட்டையில் தோல் தடித்துப் போய்ச் சேர்ந்த காசு. தர மாட்டேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. "சிஸ்டம் தெறக்கட்டும் நாச்சிமுத்து" என்றுதான் சொன்னார்.

சிஸ்டம் என்பது எங்கள் மண்டியில் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர். திண்டுக்கல்லில் எல்லா மண்டிக்கும் வந்துவிட்டது என்று முதலாளியும் ஒன்று வாங்கி வைத்தார். அதற்கு முன்னால் சனிக்கிழமை சாயங்காலம் பட்டாப்பட்டி டவுசர் பைக்குள் கையை விட்டு நோட்டை எடுப்பார், எண்ணிக் கொடுப்பார், நாங்கள் எச்சில் தொட்டு எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். கம்ப்யூட்டர் வந்த பிறகு, யார் எத்தனை மூட்டை தூக்கினார்கள் என்பதை அவருடைய மருமகள் யுவராணி அதில் ஏற்றுவாள். சனிக்கிழமை அது ஒரு சீட்டைத் துப்பும். சீட்டைக் காட்டினால் காசு. சீட்டு வராவிட்டால் நாங்கள் அந்த வாரம் மூட்டையே தூக்கவில்லை என்று அர்த்தம்.

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. பூஜை கழிந்து மொத்தமாகத் தருகிறேன் என்று முதலாளி நிறுத்தி வைத்திருந்த கூலி முழுவதும் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

எனக்கு அந்தப் பணம் வியாழக்கிழமை காலைக்குள் வேண்டும். அய்யலூர்ச் சந்தையில் ஒரு சினை ஆடு பேசி வைத்திருந்தேன். எட்டாயிரத்து ஐந்நூறுக்கு முடித்திருந்தது. தீபாவளி நெருங்க நெருங்க ஆட்டு விலை வாரத்துக்கு வாரம் ஏறும். "வர்ற வெசாழக்கெழம வரைக்கும் வேற ஆளுக்குக் காட்ட மாட்டேன். அதுக்கு மேல என்னையச் சொல்லாத" என்று ஆட்டுக்காரன் கறாராகச் சொல்லிவிட்டான். எனக்கு வயது ஐம்பத்தாறு. ஆடு ஒன்று நாலானால், மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நடக்கலாம் என்பது என் திட்டம். என் பெண்டாட்டி கண்ணம்மாள் கயிறு வாங்கி, ஆட்டுக் கொட்டத்துக்குத் தட்டி வைத்து, தண்ணீர் வாளிகூட ஒதுக்கிவிட்டாள்.

"கயிறு இருக்கு, கொட்டம் இருக்கு. ஆடு மட்டும் ஒங்க சிஸ்டத்துக்குள்ள இருந்து வருமாக்கும்" என்று தினமும் சோறு போடும்போது கேட்டாள். வெஞ்சனத்தில் உப்பு குறைவதும் அந்த வாரத்திலிருந்துதான்.

கம்ப்யூட்டர் ஏன் திறக்கவில்லை என்பது மண்டியில் எல்லாருக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும். ஆனால் யாருக்கும் தெரியாது என்பதுதான் மண்டியின் முடிவு.

ஆயுத பூஜை அன்று காலையிலேயே எல்லாவற்றையும் கழுவித் துடைத்தோம். எடை மெசின், மூட்டை குத்தும் கொக்கி, கோணி ஊசி, தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. அது ஓய்வெடுக்க வேண்டும். கொக்கிக்கும் ஊசிக்கும் அதில் ஒரு கஷ்டமும் இல்லை, அவை வைத்த இடத்தில் கிடக்கும். கம்ப்யூட்டர் மட்டும் ஓய்வெடுக்க மறுத்தது. திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. அவற்றுக்குக் கீழே இங்கிலீஷில் இரண்டு வரி, நடுவில் முப்பத்தெட்டு என்று ஒரு எண். யுவராணி அதை அப்படியே விட்டுவிட்டுச் சுண்டல் தாளிக்க வீட்டுக்குப் போயிருந்தாள்.

முதலாளி தட்டில் சூடத்தோடு வந்து நின்றார். காலண்டரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்ல நேரம் முடியப் போகுது. இது என்ன இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு?"

முப்பத்தெட்டு முப்பத்தொன்பதாக ஆனது. முதலாளி மேசைக்கடியில் குனிந்தார். சந்தனம் பூசிய கையால் பிளக்கைப் பிடுங்கினார். திரை கறுத்தது. "இப்பத்தான் அமைதியா இருக்கு" என்று சொல்லி, பெட்டியின் நெற்றியில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். நாங்கள் பதினோரு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். நல்ல நேரத்துக்குள் பூஜை முடிந்துவிட்டதில் எல்லாருக்கும் சந்தோஷம். பொரி கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் நல்ல நேரம் பார்த்து யுவராணி பிளக்கைச் சொருகி பட்டனை அழுத்தினாள். திரை நீலமாக விடிந்தது. அதில் வெள்ளையாக இரண்டு புள்ளியும், கவிழ்த்து வைத்த பிறை போல ஒரு வளைவும். படுத்துக்கொண்டு அழுகிற மூஞ்சி மாதிரி. அதற்குக் கீழே இங்கிலீஷ். கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்து, தானாக எழுந்து, மறுபடி அதே மூஞ்சி.

"என்னம்மா இது, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு?" என்றார் முதலாளி.

"தெரியல மாமா" என்றாள் யுவராணி. அவள் முகமும் திரையில் இருந்த முகமும் ஒன்றாக இருந்தன.

அன்றிலிருந்து வைத்தியம் ஆரம்பித்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் முதலாளி மகன் பிரபு போனில் வந்தார். "அணைச்சு அணைச்சுப் போடுங்கப்பா" என்றார். அது தானாகவே அதைத்தான் செய்துகொண்டிருந்தது. தெற்குப் பார்த்து இருப்பது சரியில்லை என்று எதிர் மண்டிக்காரர் சொன்னதால், மேசையோடு கிழக்கே திருப்பினோம். நான்தான் ஒரு முனையைத் தூக்கினேன், அதற்குக் கூலி கிடையாது. எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். டிவி ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் வந்து, பெட்டியின் முதுகில் இரண்டு தட்டு தட்டி, "உள்ள தூசி" என்று சொல்லி இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

இதற்கிடையில் வியாபாரம் நிற்கவில்லை. சாணார்பட்டிப் பக்கத்து விவசாயிகள் கொண்டுவந்த வெங்காயத்தை எடை போட்டு, கமிஷனைப் பிடித்து, முதலாளி பேனாவால் பில் எழுதினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்குள் பேச்சு வந்தது.

வெங்காயம் தரம் பிரிக்கும் பெண்களில் மூத்தவள் சொர்ணலட்சுமி. மண்டியில் முதலாளிக்குப் பயப்படாத ஒரே ஆள். "கமிசன் பிடிக்கப் பேனா போதுமாம். கூலி குடுக்க மட்டும் கம்ப்யூட்டர் வேணுமாம். அந்தப் பேனாவுக்கு என்ன, கூலின்னு எழுதுனா மை வராதா?" என்று முறத்தைத் தட்டிக்கொண்டே சத்தமாகக் கேட்டாள்.

முதலாளி பில் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "கூலி கணக்கு பூரா அதுக்குள்ள மாட்டிக்கிருச்சும்மா. நான் என்ன வச்சுக்கிட்டா இல்லங்கிறேன்?"

புதன்கிழமை மத்தியானம் பேகம்பூரிலிருந்து சபிஹா வந்தாள். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற பெண். முப்பது வயது இருக்கும். ஸ்கூட்டியை நிறுத்தி, தோள்பையை இறக்கி, கண்ணாடித் தடுப்புக்குள் போய் உட்கார்ந்தவள், வேறு எதையும் செய்வதற்கு முன்னால் பல் குச்சியை எடுத்துப் பெட்டியின் ஓட்டைகளில் காய்ந்து கிடந்த சந்தனத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"இந்த வாரம் பூரா இதே சோலிதான். நேத்து ஒரு பெட்டிக்குள்ள இருந்து ஒரு கைப்பிடி பொரி எடுத்தேன்" என்றாள்.

"பொரியால ஒண்ணும் ஆகாதே?" என்று முதலாளி கவலையோடு கேட்டார்.

"பொரிக்கு ஒண்ணும் ஆகலங்கய்யா."

அவள் பெட்டியைத் திறந்து, துடைத்து, மூடி, பட்டனை அழுத்தினாள். அதே அழுமூஞ்சி. ஏதோ இரண்டு மூன்று விசையை அழுத்தி வேறொரு திரையைக் கொண்டுவந்தாள். நெடுநேரம் பார்த்தாள். நாங்கள் பதினோரு பேரும் மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தோம். சொர்ணலட்சுமி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பணத்துக்காகக் காத்திருந்த மூன்று விவசாயிகளும் பார்த்தார்கள்.

"கணக்கெல்லாம் பதிஞ்சிருக்கிற டிஸ்க்கு உள்ளதான் இருக்கு" என்றாள் சபிஹா. "ஆனா மெசின் எந்திரிக்கும்போது டிஸ்க்கு அது கண்ணுக்குத் தெரியல. டிஸ்க்கு கூடப் பேசுறதுக்குன்னே மெசினுக்கு ஒரு சின்ன புரோகிராம் இருக்கும். அதுக்குப் பேரு டிரைவரு. அது பாதி புதுசு பாதி பழசுன்னு கெடந்தாலும் இப்பிடித்தான் நீலமா வரும். டிஸ்க்கே சாகப் போற நெலமையில இருந்தாலும் இப்பிடித்தான் வரும். எதுன்னு நீங்கதான் சொல்லணும். கடைசியா ஓடும்போது என்ன நடந்துச்சு?"

நாங்கள் எல்லாரும் முதலாளியைப் பார்த்தோம்.

"ஒண்ணும் நடக்கல" என்றார் முதலாளி.

"எதாவது அப்டேட்டு போட்டீங்களா அக்கா?"

யுவராணி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு மாமனாரைப் பார்த்தாள். "இல்லயே" என்றாள்.

"பாதியில அணைச்சீங்களா?"

"அதெல்லாம் யாரு அணைக்கப் போறா!" என்று முதலாளி வேகமாகச் சொன்னார். அப்புறம் அது போதாது என்று நினைத்தோ என்னவோ, "கரண்டுதான். திடீர்னு ஏறுச்சு. டப்புன்னு ஒரு சத்தம். பொகைகூட லேசா வந்துச்சு. ஏலே, நீங்கள்லாம் பாத்தீங்கள்ல?" என்றார்.

எங்களில் ஒருவன் வானத்தைப் பார்த்தான். இன்னொருவன், "பொகை வந்த மாதிரி இருந்துச்சு, சூடமா இருக்கும்னு நெனச்சேன்" என்றான். அவன் மட்டும்தான் பொய் சொல்லவில்லை.

சபிஹா கையை விசையிலிருந்து எடுத்துவிட்டாள். "கரண்டு ஏறி அடிபட்டிருந்தா இதுல நான் எதையும் எழுதிப் பாக்கக் கூடாதுங்கய்யா. டிஸ்க்கு இன்னும் கெட்டுப்போகும். புது டிஸ்க்கு மாட்டி எல்லாத்தையும் முதல்ல இருந்து ஏத்திக்கிற வேண்டியதுதான். பேக்கப் வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன்" என்றாள் யுவராணி, முதல்முறையாகத் தைரியம் வந்து.

"எங்கக்கா?"

"இதுக்குள்ளயேதான். தனியா ஒரு ஃபோல்டர் போட்டு."

சபிஹா தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். "அப்ப பழசு எதுவும் மிஞ்சாது. கணக்கு பூராப் போயிரும்."

என் எட்டாயிரத்து அறுநூற்று நாற்பதும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தது. முதலாளியைப் பார்த்தேன். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது.

"போனாப் போகட்டும்மா" என்றார், பெருந்தன்மையாக. "எல்லாம் கடவுள் விட்ட வழி. புதுசா ஆரம்பிச்சுக்கிருவோம். பழைய கணக்க நெனச்சுக்கிட்டே இருந்தா முன்னேற முடியுமா?"

"ஏத்துக்கூலிக் கணக்கு, எறக்குக்கூலிக் கணக்கு எல்லாமா மொதலாளி?" என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா நாச்சிமுத்து? என்ன செய்ய, கரண்டு செஞ்ச வேலை."

சபிஹா பையை மூடப் போனாள். அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது போல. "நீங்க குடுக்க வேண்டியதும் போயிரும், ஒங்களுக்கு வர வேண்டியதும் போயிரும். தெரிஞ்சுதான சொல்றீங்க?"

"வர வேண்டியதா?"

"வெத வெங்காயத்துக்கு அட்வான்சு குடுத்த கணக்கும் இதுலதான் இருக்கு மாமா" என்றாள் யுவராணி. "நாப்பத்தி மூணு பேரு."

காத்திருந்த மூன்று விவசாயிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர், "எல்லாம் கடவுள் விட்ட வழி" என்றார்.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "செத்த நேரம் பொறும்மா. அந்தப் பெட்டியத் தொட்டுறாத. ஒரு டீ சாப்பிடு" என்று சபிஹாவிடம் சொல்லிவிட்டு, "நாச்சிமுத்து, இங்கிட்டு வா" என்று என்னை மண்டிக்குப் பின்னால், வெங்காயச் சருகு கொட்டிக் கிடக்கிற இடத்துக்குக் கூட்டிப் போனார்.

அங்கே போனதும் என் தோளில் கை போட்டார். இத்தனை வருஷத்தில் அந்தத் தோளில் மூட்டைதான் விழுந்திருக்கிறது.

"அப்பு, நீதான் பிளக்கப் பிடுங்குனேன்னு சொல்லிரு."

"நானா?"

"ஒனக்கு என்ன வந்துச்சு? நீ தெரியாத்தனமாப் பிடுங்குனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் பிடுங்குனேன்னா சந்தை பூரா சிரிக்கும். எதிர் மண்டிக்காரன் போர்டு எழுதி மாட்டிருவான். பூஜைய வேற குத்தம் சொல்லுவானுக. சாமி காரியம்ப்பா."

அவர் என்னை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களைவிட எனக்குத்தான் அவசரம். ஆட்டைப் பற்றி மண்டி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

"மொதலாளி, எனக்கு எட்டாயிரத்தி அறுநூத்தி நாப்பது வரணும்."

"வரும், வரும். சிஸ்டம் தெறந்த ஒடனே..."

"அப்ப நானும் சிஸ்டம் தெறந்த பெறகே ஒத்துக்கிறேன்."

அவர் என்னை முறைத்தார். உள்ளேயிருந்து விவசாயிகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு அவரை என்னவோ செய்தது. வேட்டியை விலக்கி, பட்டாப்பட்டி டவுசர் பைக்குள் கையை விட்டார். அந்தப் பை இன்னும் அதே இடத்தில்தான் இருந்திருக்கிறது. நோட்டுகள் கதகதப்பாக இருந்தன. எட்டாயிரத்து அறுநூற்று நாற்பதையும் எண்ணினார், ஒரு சீட்டும் இல்லாமல், ஒரு கம்ப்யூட்டரும் இல்லாமல். நானும் எச்சில் தொட்டு எண்ணி இடுப்பில் முடிந்துகொண்டேன்.

"யாருக்கும் சொல்லிறாத" என்றார். "மத்தவனும் வந்து நிப்பான்."

உள்ளே போய்க் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றேன். தொண்டையைச் செருமினேன்.

"நான்தாம்மா பிளக்கப் பிடுங்கிட்டேன்."

மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"எப்பண்ணே?" என்றாள் சபிஹா.

"பூஜை அன்னைக்கு. புள்ளி வட்டமாச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. முப்பத்தி ஒம்பதுன்னு போட்டிருந்துச்சு. அப்பப் பிடுங்குனேன்."

"எதுக்குப் பிடுங்குனீங்க?"

"நல்ல நேரம் முடியப் போச்சு."

சொர்ணலட்சுமி வெற்றிலையைத் துப்பினாள். "ஏண்ணே, ஒங்களுக்கு எப்ப இருந்து நல்ல நேரம் பாக்கத் தெரிஞ்சுச்சு? ஒங்க கல்யாணத்தையே மழையில வச்சவரு நீங்க."

சபிஹா குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். "பிளக்கு இம்புட்டு உள்ள இருக்கே. இந்தக் கண்ணாடிக்குள்ள லோடுமேனை எல்லாம் விடுவீங்களாங்கய்யா?"

"நாந்தான் கூப்பிட்டேன்" என்றார் முதலாளி. "சாமி கும்பிடன்னு. எல்லாரும் சமம்தானம்மா?"

சபிஹா அவர் கையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு நாலு கடை ஏறி இறங்குகிற பெண். இந்தக் கதையை அவள் வேறு வேறு கடைகளில் வேறு வேறு ஆட்களிடம் கேட்டிருப்பாள்.

"கரண்டு ஏறல, சத்தம் வரல, பொகை வரல. அப்பிடித்தான?"

"அது சூடம்தாம்மா" என்றான் முன்னே சொன்னவன்.

"அப்ப என்னமோ அப்டேட்டு ஓடியிருக்கு" என்று அவள் யுவராணியைப் பார்த்தாள்.

யுவராணிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "நான்தான் போட்டேன். டிரைவர் அப்டேட்டுன்னு பத்து நாளா வந்துக்கிட்டே இருந்துச்சு. சரஸ்வதி பூஜை நல்ல நாளாச்சே, எதாவது புதுசா ஆரம்பிக்கலாம்னு அன்னைக்கு அமுக்கிவிட்டேன். மாமா திட்டுவாருன்னு சொல்லல."

நல்ல நாள் என்று ஒருத்தி ஆரம்பித்தாள். நல்ல நேரம் என்று ஒருவர் பிடுங்கினார். இரண்டு நல்லதுக்கும் நடுவில் அந்த டிரைவர் பாதியில் நின்றுவிட்டது. அதற்கு நான் பத்து நாளாகக் கூலிக்கு அலைந்தேன்.

சபிஹா பையிலிருந்து கட்டை விரல் அளவு பென்டிரைவ் ஒன்றை எடுத்துச் சொருகினாள். கறுப்புத் திரை வந்தது. அதில் என்னென்னவோ தட்டினாள். பாதியில் நின்ற புதிய டிரைவரைக் கழற்றிவிட்டுப் பழையதைத் திரும்ப வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே செய்தாள். திரையில் மறுபடி புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. முதலாளி தன்னையறியாமல் காலண்டரைப் பார்த்தார். சபிஹா அவரைப் பார்க்காமலேயே, "யாரும் மேசைக்கடியில குனியாதீங்க" என்றாள். முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

புள்ளிகள் நின்றன. திரை கறுத்தது. அப்புறம் மயில் மேல் முருகன் வந்தார். யுவராணி வைத்திருந்த படம்.

"அரோகரா!" என்றார் முதலாளி. விவசாயிகள் மூவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய கடனும் உயிர்த்தெழுந்துவிட்டது.

"ஆயிரத்தி இரநூறு ஆச்சுங்கய்யா" என்றாள் சபிஹா. முதலாளி கொடுத்தார். அவள் ரூபாயைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அடுத்த வருசம் சந்தனத்த மேசைக்கு வைங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் ஏறினாள்.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் எதிர் மண்டிக்காரர் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். "என்ன ஆண்டிச்சாமி, சரியாயிருச்சா? யாரு கெடுத்தது?" என்றார்.

முதலாளி என்னைக் கை காட்டினார். ஆரம்பத்தில் லேசாகத்தான் காட்டினார். "இவன்தான். பிளக்கப் பிடுங்கிட்டான்." பேசப் பேச அவருக்குக் கோபம் ஏறியது. "அறிவிருக்கா? ஓடிக்கிட்டு இருக்கிற மெசினப் பிடுங்கலாமா? மாட்டக் கறக்கும்போது மடியப் பிடுங்குவியா? அம்புட்டுக் கணக்கும் போயிருந்தா என் குடும்பம் தெருவுல நிக்கும்!" கடைசி வார்த்தைகளில் அவர் குரல் நிஜமாகவே நடுங்கியது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. நான் தலையைக் குனிந்து நின்றேன். ஒரு கட்டத்தில், நான்தான் பிடுங்கினேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அன்றைக்குக் கண் முன்னால் பார்த்தவர்களில் இரண்டு பேர், "ஆமா, இவன் கொஞ்சம் அவசரக்காரன்" என்று தலையாட்டினார்கள்.

"சும்மா விட்டா நாளைக்கு இன்னொருத்தன் பிடுங்குவான்" என்றார் எதிர் மண்டிக்காரர்.

"விடுவேனா? யுவராணி, அந்த ஆயிரத்தி இரநூற இவன் கூலியில பிடி."

யுவராணி தட்டினாள். பத்து நாளாக வராத சீட்டு, சரக் என்று வந்தது. அவளுக்குச் சருகுக் குவியலில் நடந்தது எதுவும் தெரியாது. "எட்டாயிரத்தி அறுநூத்தி நாப்பதுல ஆயிரத்தி இரநூறு போக ஏழாயிரத்தி நானூத்தி நாப்பது. குடுத்துறவா மாமா?" என்று கல்லாவைத் திறந்தாள்.

முதலாளி வாயைத் திறந்தார். கொடுத்தாகிவிட்டது என்று சொல்ல வேண்டும். எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்பாள். எதற்குக் கொடுத்தீர்கள் என்று சொர்ணலட்சுமி கேட்பாள். எதிர் மண்டிக்காரர் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். முதலாளி வாயை மூடிக்கொண்டார்.

"குடு" என்றார். கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது.

எல்லார் முன்னாலும் யுவராணி எண்ணிக் கொடுத்தாள். நான் வாங்கினேன். வாங்காவிட்டால் ஏன் வாங்கவில்லை என்று கேள்வி வரும். என் பெயருக்கு நேரே சைபர் போட்டாள். அடுத்து மற்றவர்கள் சீட்டுக்கு வரிசையில் நின்றார்கள். சொர்ணலட்சுமி என்னைக் கடந்து போகும்போது, "ஒரு ஒயரு பிடுங்க ஆயிரத்தி இரநூறா! நெசமாப் பிடுங்குனவருக்கு எம்புட்டுப் போடணும்?" என்று முதலாளி காதில் படும்படி கேட்டுவிட்டுப் போனாள்.

இடுப்பில் ஒரு கூலி, கையில் ஒரு கூலி. வீடு இருக்கும் பக்கம் நாலு எட்டு வைத்தேன். இன்னும் ஆயிரம் ரூபாய் புரட்டினால் இரண்டு ஆடு வாங்கலாம். கண்ணம்மாள் வெஞ்சனத்தில் உப்புப் போடுவாள். ஆனால் வெள்ளிக்கிழமை மறுபடி இதே மண்டியில்தான் முதுகைக் குனிய வேண்டும். முதலாளி ஒரு நாளும் இதை வெளியே சொல்ல மாட்டார், ஆனால் ஒரு நாளும் மறக்கவும் மாட்டார். நல்லவன் என்பதால் திரும்பிப் போனேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சருகுக் குவியலுக்குப் பக்கத்தில் முதலாளி தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் வருவேன் என்று தெரிந்து நின்றாரா, வர மாட்டேன் என்று நொந்து நின்றாரா தெரியவில்லை. நோட்டுகளை நீட்டினேன். வாங்கி ஒரு தடவை எண்ணினார். திருப்பி வைத்து இன்னொரு தடவை எண்ணினார்.

"ஏழாயிரத்தி நானூத்தி நாப்பது இருக்கு."

"ஆமா மொதலாளி. ரெண்டாவது தடவை குடுத்தது அம்புட்டுத்தான்."

"மீதி ஆயிரத்தி இரநூறு?"

"எந்த ஆயிரத்தி இரநூறு?"

"ரிப்பேர்க் கூலி. மொத தடவை முழுசா வாங்கிட்டேல. பிடிச்சது எங்க?"

அவர் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு துளி இல்லை.

"மொதலாளி, அது வந்து... பிளக்க..."

"சரி விடு, கை தவறிப் பிடுங்கிட்ட. மனுசன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். நான் அதுக்காக ஒன்னைய வேலைய விட்டு நிறுத்தினேனா?"

என் கை இடுப்பு முடிச்சுக்குப் போய் அங்கேயே நின்றது. ஆயிரத்து இருநூறை அவிழ்த்தால் நாளைக்கு அய்யலூரில் ஆட்டுக்காரன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான். அவிழ்க்காவிட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் பிடுங்கவில்லை என்று சொல்லலாம். அதைச் சொல்லத்தான் முடியாமல் பணம் வாங்கியிருக்கிறேன்.

முதலாளி என் கையைப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். உள்ளேயிருந்து சொர்ணலட்சுமியின் குரல், யாருடைய கூலியையோ விசாரித்துக்கொண்டு, நெருங்கி வந்தது. அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, நோட்டுகளை அவசரமாக டவுசர் பைக்குள் திணித்தார். பெருமூச்சு விட்டார். என் தோளில் மறுபடியும் கை வைத்தார்.

"போ. அந்த ஆயிரத்தி இரநூறத் தள்ளுபடி பண்ணிட்டேன். ஏதோ ஏழைன்னு விடுறேன். இனிமே பிளக்குப் பக்கம் போகாத."